525 மடங்கு டெலஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: "பெருந்துறை பக்கம் இருக்கிறோம். ஏழாவது படிக்கும் எங்கள் பாப்பாவுக்கு நட்சத்திரம் பார்க்க ரொம்ப ஆசை. இணையத்தில் 60 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றைப் பார்த்தேன். 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறது. 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். இதை வாங்கலாமா, இதைவிடப் பெரிதாகக் காட்டுவது ஏதாவது இருக்கிறதா?"

வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 525 எப்படி வந்தது என்று பார்ப்போம். டெலஸ்கோப்பின் குவியத் தொலைவை (லென்ஸிலிருந்து வெளிச்சம் குவியும் இடம் வரை உள்ள தூரம்), கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். இந்த வகை டெலஸ்கோப்புக்குப் பெரும்பாலும் 700 மி.மீ. குவியத் தொலைவு. பெட்டிக்குள் 4 மி.மீ. ஐபீஸ் ஒன்றும், அதை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் வைத்திருப்பார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்து மூன்றால் பெருக்குங்கள், 525 வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், வாயகலத்தில், அதாவது முன்பக்க லென்ஸின் அகலத்தில், ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு வரைதான் படம் தாங்கும். 60 மி.மீ.க்கு 120. அதற்கு மேல் போனால் சனி கோள் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் மங்கலான மஞ்சள் கறையாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஸ்டாண்ட். நான் முதலில் வாங்கியதும் இப்படி ஒன்றுதான். கஷ்டப்பட்டு வியாழனைப் பிடித்து ஃபோகஸ் திருகில் விரல் வைத்தால், படம் ஐந்தாறு விநாடி ஆடும். வானமோ 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. பார்லோ போடாமல் 4 மி.மீ. ஐபீஸ் மட்டும் தரும் 175 மடங்கில்கூட நமக்குத் தெரியும் வட்டம் கால் டிகிரிகூட இருக்காது. ஆட்டம் நின்று, ஃபோகஸ் சரியாகி, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணை வைக்கச் சொல்வதற்குள் வியாழன் வெளியே போயிருக்கும். லீவுக்கு வந்த அக்கா மகன் இரண்டு இரவு பார்த்துவிட்டு மூன்றாம் இரவு மாடிக்கே வரவில்லை. வானத்தின் மேல் அவனுக்கு இருந்த ஆசையை அந்த ஸ்டாண்டே கெடுத்துவிட்டது. உங்கள் பாப்பாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முதல் இரண்டு மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் மொட்டை மாடியில், தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் மறைவில் பாய் விரித்துப் படுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் நட்சத்திரம் என்ன? அதிலிருந்தே ஆரம்பியுங்கள். ஜாதகத்தில் எழுதும் பெயர்கள் எல்லாம் வானத்தில் கையை நீட்டிக் காட்டக்கூடிய இடங்கள். ரோகிணி, ரிஷபத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஆல்டெபரான். திருவாதிரை, சிவந்த பெட்டல்ஜூஸ். மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைக்கா, சுவாதி ஆர்க்டரஸ், கேட்டை அன்டாரஸ். கார்த்திகையை வெறுங்கண்ணால் ஆறு நட்சத்திரமாக எண்ணலாம். வீட்டில் ஒவ்வொருவருடைய நட்சத்திரமும் எந்த மாதம் எங்கே தெரிகிறது என்று பாப்பா தேடட்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இதற்கு நன்றாக உதவும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அப்புறம் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 7×50 அல்லது 10×50. முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். ஜூம் வைத்தது வேண்டாம். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு நிலாக்கள் ஒரே கோட்டில் புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது அவற்றைத்தான். கார்த்திகையில் ஆறுக்குப் பதில் பல டஜன் நட்சத்திரம் வந்துவிடும். வெறுங்கண்ணுக்கு லேசான புகைபோல இருக்கும் பூசம், பைனாகுலரில் நட்சத்திரக் கூட்டமாகப் பிரியும். நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், தட்டையாக இருக்கும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழலைப் பாருங்கள்.

நம் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பெருந்துறை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மே மாதம் இரவு 9 மணிக்கு மாடியில் தெற்கே பார்த்து நின்றால், அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில், சிலுவை வடிவில் நிற்கும் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம். கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை எழுவதே இல்லை, சிட்னியில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் தெற்கு வானம் நன்றாகக் கிடைக்கிறது.

ஆறு மாதம் கழித்தும் பாப்பா மாடிக்குப் போய்க்கொண்டிருந்தால் டெலஸ்கோப் வாங்குங்கள். அதற்கு முன் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்கள் நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சி ஏதாவது பக்கத்தில் நடந்தால் போய், பலருடைய கருவியில் கண்ணை வைத்துப் பாருங்கள். என் தேர்வு, மேசைமேல் வைக்கும் டாப்சோனியன் வகை, 114 அல்லது 130 மி.மீ. ஆடி (லென்ஸுக்குப் பதில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்ணாடி) உள்ளது. 114 மி.மீ. ஆடி 60 மி.மீ. லென்ஸைவிட மூன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கும். மீதிப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டியிருக்கலாம். இதில் ஆடும் கால்களே கிடையாது, பீரங்கி மாதிரி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித் திருப்பலாம். இதைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத்துத் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, நடைபாதையில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார்.

ஈக்குவடோரியல் ஸ்டாண்ட் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். நமக்கு அது 11 டிகிரிதான் என்பதால், பல மலிவு ஸ்டாண்டுகள் அவ்வளவு தாழ்வாகச் சாயாது, டெலஸ்கோப்பைச் சமன்செய்யும் எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். வெயிலில் காய்ந்த தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டை விடும், படம் நீருக்கடியில் இருப்பதுபோல் அலைபாயும். அதனால் கோள்களைக் கொஞ்சம் தாமதித்தே பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெட்டியில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வந்தால் அன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். பைனாகுலரோ டெலஸ்கோப்போ, பகலில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டெலஸ்கோப் வந்ததும், மே மாத இரவு ஒன்றில் வடக்கே பாதி உயரத்தில் நிற்கும் சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். வால்போல நீளும் மூன்று நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் பகலிலேயே உங்களுக்குக் காட்டிய அதே அருந்ததி. 50 மடங்கு ஐபீஸைப் போட்டு வசிஷ்டரை நடுவில் கொண்டுவந்தால், அவரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்து நிற்பார். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், பாப்பாவே பார்த்துச் சொல்லட்டும்.