அண்ணாவுக்குப் போகும் பட்டன்

வணக்கம் அக்கா,

நான் கொக்குவிலில் இருக்கிறேன். மென்பொருள் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். போன மாதம் பஸ் நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். யாழ்ப்பாண நகரத்தைப் பெண்களைக் கேட்காமலே கட்டிவிட்டார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. வாசித்ததும் கோபம்தான் வந்தது. ரோடு ரோடுதான், லைட் லைட்தான். அதில் ஆண் ரோடு, பெண் ரோடு என்று இருக்கிறதா? இவ்வளவு அடிபட்ட ஊரில் முதலில் எல்லோருக்கும் பொதுவான வசதி வரட்டும். பெண்களுக்கான தனி வசதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. நானும் இரண்டு நண்பர்களும் பெண்களின் பாதுகாப்புக்காக ஒரு ஆப் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பட்டனை ஒருமுறை அழுத்தினால் அப்பா, அண்ணா, கணவர் என்று மூன்று பேருக்கு லொகேஷன் போகும். வழக்கமான வழியை விட்டு விலகினாலும் தானாகவே மெசேஜ் போகும். இலவசமாகத்தான் கொடுக்கப்போகிறோம். உங்கள் அபிப்பிராயம் என்ன?

க.

*

அன்புள்ள க. தம்பிக்கு,

கோபம் வந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பாராட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதத்தான் எனக்குக் கை வராது.

முதலில் அந்தப் பட்டன். உங்கள் கடிதம் வந்த அன்றே எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் அதைப் பற்றிச் சொன்னேன். இருபத்தாறு வயது. டவுனில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். இலவசம் என்றதும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அண்ணாவுக்கு லொகேஷன் போகும் என்றதும் சிரித்துவிட்டாள். “அண்ணாவுக்குப் போனால் சரி. அடுத்த நாளே வேலையை விடு எண்டுவார்.”

“ஏதும் ஆபத்து வந்தால்?” என்றேன்.

“பஸ்ஸில ஒருத்தன் உரசுறதுக்கு அண்ணாவைக் கூப்பிடேலுமோ அக்கா? அவர் ஹெல்மெட் போட்டு வெளிக்கிட முன்னமே நான் இறங்கியிருப்பன்.”

இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் பெண்களிடம் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015-இல் ஓர் ஆய்வு நடத்தியது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிஸில் உதவி கேட்டவர்கள் வெறும் நான்கு வீதம். மற்றவர்கள் பட்டன் இல்லாத குறையாலா போகாமல் விட்டார்கள்? சொன்னால் வீட்டில் என்ன நடக்கும், பொலிஸில் என்ன கேட்பார்கள், ஊரில் என்ன கதைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 2017 முதல் விற்கும் கைபேசிகளில் அபாய பட்டன் இருந்தே ஆகவேண்டும் என்று விதியே போட்டார்கள். ஆக, உங்கள் யோசனை புதிதும் இல்லை.

எனக்கு அதைவிட உறுத்தியது ‘வழியை விட்டு விலகினால்’ என்ற இடம். அவளுடைய ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். ஒரு நாள் கூடவே திரிந்து பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கு அக்காவின் மகனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டாள். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கொடுத்து நம்பர் எடுத்து, தாயை வாங்கில் இருத்திவிட்டு, ஒன்பதுக்கு முன் கடைக்கு ஓடிக் கையெழுத்து வைத்தாள். பதினொன்றரைக்கு மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரை மணித்தியாலம் வாங்கி, திரும்பப் போய் மருந்தெடுத்துத் தாயைப் பஸ் ஏற்றினாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நகை அடகுக்கு வட்டி கட்டினாள். மாலையில் சந்தையில் மரக்கறி வாங்கினாள். நடுவில் கோயிலடியில் இரண்டு நிமிடம் நின்றாள். அது கடவுளுக்கா, கால் வலிக்கா தெரியாது, நான் கேட்கவில்லை. உங்கள் ஆப் கையில் இருந்திருந்தால் அன்று அவளுடைய அண்ணாவுக்கு ஆறு தடவை மெசேஜ் போயிருக்கும்.

அதே அண்ணாவின் செவ்வாய்க்கிழமை இது: எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள், வேலை, ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிள், வீடு. ஆண் ரோடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கே.கே.எஸ். ரோடு, பலாலி ரோடு, பருத்தித்துறை ரோடு, மானிப்பாய் ரோடு, கண்டி ரோடு எல்லாம் டவுனிலிருந்து விரித்த கைவிரல் மாதிரிப் போகின்றன. பஸ்ஸும் அந்த விரல்களில்தான் ஓடும். காலையில் டவுனுக்கு வந்து மாலையில் திரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒரு விரலில் வீடும், அடுத்த விரலில் பிள்ளையின் ரியூஷனும், மூன்றாவதில் படுக்கையில் கிடக்கும் மாமியும் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் டவுனுக்கு வந்து மாறவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ பிடிக்கவேண்டும். ரோட்டைப் போட்டவர்களுக்குப் பெண்கள் மேல் ஒரு கோபமும் இருந்திருக்காது. ரோட்டில் போகிறவர் என்று நினைத்தபோது அந்த அண்ணாதான் அவர்கள் கண்ணில் தெரிந்திருப்பார், அவ்வளவுதான்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. கொலம்பியாவின் பொகோட்டா நம்மைப்போல அடிபட்ட நாட்டின் தலைநகரம். அங்கே 2020 முதல் பராமரிப்புத் தொகுதிகள் என்று அமைத்து வருகிறார்கள். துணி தோய்க்கும் இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பெண்கள் விட்ட படிப்பைத் தொடரும் வகுப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில். துணி மெஷினில் சுற்றிக்கொண்டிருக்க, தாய் வகுப்பில் இருப்பாள். ஆறு இடத்துக்கு அலைவதை ஒரு இடத்துக்கு ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு முதலில் யாரோ ஒருவர் அந்த ஆறு இடங்களையும் எண்ணியிருக்கவேண்டும்.

சரி, ‘தனி வசதி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் இருக்கிறது. நடுக் கம்பியைக் கீழே வளைத்திருப்பார்கள், சேலையோடு கால் தூக்காமல் ஏறலாம். செயினுக்கு மூடி, பின்சில்லில் சேலை சிக்காமல் வலை, முன்னால் கூடை. இந்த ஊர்ப் பெண்கள் படித்ததும் வேலைக்குப் போனதும் பாதி இந்த வளைந்த கம்பியின் தயவில்தான். பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் ரீச்சர்மாரும் நர்ஸ்மாரும் அதில்தான் போனார்கள். இப்போது அந்தச் சைக்கிளை யார் ஓடுகிறார் தெரியுமா? பக்கத்துக் கோயில் ஐயர். வேட்டியோடு கம்பிக்கு மேலால் கால் போட முடியாது என்று கேட்டு வாங்கிப் போனவர், இன்னும் திருப்பித் தரவில்லை. முழங்கால் பிடித்த கிழவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறு பஸ்ஸின் முதல் படி. நம் பஸ்கள் பலவற்றுக்கு அடியில் இருப்பது லொறிச் சட்டகம். அதனால் படி என் முழங்காலுக்குக் கிட்ட நிற்கும். அந்தச் செவ்வாய் மாலை அவள் ஏறியதைப் பின்னால் நின்று பார்த்தேன். வலது கையில் மரக்கறிப் பை. இடது கையால் சேலைக் கொய்யகத்தைக் கொஞ்சம் தூக்கினால்தான் கால் அந்த உயரத்துக்குப் போகும். அப்போது கம்பியைப் பிடிக்க எந்தக் கை? பையை முழங்கைக்கு ஏற்றி, கொய்யகத்தைப் பல்லில் கடிக்காத குறையாக இடுக்கி, ஒரு காலை வைத்து எம்பினாள். மற்றக் கால் நிலத்தில் இருக்கும்போதே “றைற்” என்று குரல் கேட்டது. ஒரு தக்காளி விழுந்து உருண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகிப்போயிருக்கும். உள்ளே கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதிய இருக்கை இருந்தது. கர்ப்பிணி அந்தப் படியில் ஏறி வந்தால் உட்காரலாம்.

அளவெடுத்துச் செய்வது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அம்மம்மாவின் ஊரில் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே குறுக்கே ஒரு கல். தலையில் கடகத்தோடு வருகிறவள் யாரையும் உதவிக்குக் கூப்பிட வேண்டாம். கிட்டப் போய்க் கொஞ்சம் சரிந்தால் கடகம் கல்லுக்கு நகர்ந்துவிடும். திரும்ப எடுக்கும்போதும் தலையைக் கீழே கொடுத்தால் போதும். அந்த உயரம் சும்மா வந்ததில்லை, சுமக்கிறவரின் தலையை நினைத்து வைத்த உயரம். பக்கத்தில் மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக்கல், குடிக்கக் கேணி. மாட்டுக்கும்கூட அளவெடுத்த ஊர் இது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் சுமைதாங்கியை நடுவார்கள் என்று அம்மம்மா சொல்வார். இறக்கி வைக்காமலே போனவளின் பாரம் குறையட்டுமாம். அழகான நினைப்புத்தான். ஆனால் ஒரு பெண்ணின் பேரால் தெருவில் ஒரு கல் வர அவள் சாகவேண்டியிருந்தது என்பதும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. ரோட்டை அகலமாக்கியபோது அந்தக் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

வேலிகளில் இருந்த பொட்டும் அப்படித்தான் போனது. நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இரண்டு வளவுக்கு நடுவே வேலியில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். பெண்கள் ரோட்டுக்கு வராமலே பொட்டுக்குள்ளால் பொட்டுக்குள்ளால் நாலு வீடு தாண்டிப் போய்வருவார்கள். கறி போகும், கதை போகும், பிள்ளை போகும். ரோட்டுக்கு விடாததால் வந்த வழி என்பதால் அதைப் பெரிதாகக் கொண்டாடவும் மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். பிறகு வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பியது. இப்போது எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் ஆறடி மதில், நடுவில் நாய்கள். இரவு எட்டு மணிக்கு அந்தப் பிள்ளை போனில் யாரோடோ சத்தமாகக் கதைத்தபடி வருவாள். ஒருநாள் கேட்டேன், மற்றப் பக்கத்தில் ஒருவரும் இல்லையாம்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2022-இல் பெற்றோலுக்கு இரவு பகலாக நின்ற வரிசை ஞாபகம் இருக்கும். ஸ்கூட்டியோடு விடியும்வரை நிற்க எத்தனை பெண்களால் முடிந்தது? அண்ணனோ பக்கத்து வீட்டுப் பொடியனோ நின்றான், இல்லாவிட்டால் ஸ்கூட்டி வீட்டில் நின்றது. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கொஞ்சம்தான், ஆனால் உன் பங்கு உனக்கு என்றானதும் வரிசை மெல்லக் குறைந்தது, பெண்கள் தாங்களே போய் அடித்துக்கொண்டு வந்தார்கள். ‘பெண்’ என்ற சொல்லே இல்லாத மென்பொருள் அது. ஆப்பின் நிறத்தை ரோஸ் ஆக்குவதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டெல்லியில் 2013-இல் தொடங்கிய சேஃப்டிபின் என்று ஓர் ஆப் இருக்கிறது, பாருங்கள். அது இடத்தைத்தான் அளக்கிறது: வெளிச்சம் போதுமா, நடைபாதை இருக்கிறதா, சுற்றிவரக் கண்ணுக்குத் தெரிகிறதா, ஆட்கள் நடமாடுகிறார்களா, அவர்களில் பெண்கள் இருக்கிறார்களா. அந்தக் கணக்கைக் கொண்டுபோய் நகரசபையில் வைக்கலாம். அண்ணாவிடம் வைக்கத் தேவையில்லை.

அந்தப் பிள்ளையிடம் கடைசியாகக் கேட்டேன், உனக்கு என்னதான் வேணும் என்று. யோசிக்கவே இல்லை. “கடைசி பஸ் போட்டுதோ இல்லையோ எண்டு தெரிஞ்சால் காணும்.” கடை ஏழரைக்குப் பூட்டும். அவளுடைய பஸ் சில நாள் ஏழே முக்காலுக்கு வெளிக்கிடும், சில நாள் ஆள் இல்லை என்று ஏழு இருபதுக்கே போய்விடும். தெரியாமல் நிற்கும் அந்த அரை மணித்தியாலம்தான் அவளுக்குப் பயம். தெரிந்தால் ஒன்று ஓடுவாள், இல்லாவிட்டால் அதே பக்கம் போகும் இரண்டு பேரைச் சேர்த்து ஆட்டோவுக்குப் பங்கு போடுவாள்.

ஆகவே தம்பி, பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸைப் பின்தொடருங்கள். கண்டக்டரின் போன் ஒன்று போதும். பஸ் வெளிக்கிட்டால் கேட்டவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ். டேட்டா இல்லாத சின்ன போனிலும் வரவேண்டும், அவளிடம் இருப்பது அதுதான். ஸ்மார்ட் போன் அண்ணாவிடம். அவளுடைய நம்பர் கண்டக்டரின் கண்ணில் படக்கூடாது, இதை மட்டும் மறக்கவேண்டாம். ரீலோட் கடையில் நம்பர் சொன்ன அன்றிரவே மிஸ்டு கோல் வாங்காத பெண் இந்த ஊரில் குறைவு.

அந்த ஆப்பை எழுதத் தொடங்குமுன் வருகிற சனிக்கிழமை மாலை ஆறரைக்கு பஸ் நிலையத்துக்கு வாருங்கள். நண்பர்களையும் கூட்டிவாருங்கள். அவளிடம் கேட்டுவிட்டேன், வரச்சொன்னாள். ஆளுக்கு ஒரு பையில் ஐந்து கிலோ அரிசி, கட்டாயம் வேட்டி. ஏறும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன். ஏறி முடிந்ததும் அரிசியை நானே வாங்கிக்கொள்கிறேன், வீட்டில் முடிந்துவிட்டது.