ஃபயர் ட்ரெயினிங்கை ஓட்டி முடிச்சிட்டேன்னு எழுதின தங்கச்சிக்கு

தங்கச்சி, பொகவந்தலாவையிலிருந்து வந்து கிளாஸ்கோ பக்கம் முதியவங்களைப் பார்த்துக்கிற ஒரு கேர் ஹோம்ல நைட் டியூட்டி தொடங்கியிருக்கேன்னு எழுதியிருந்தீங்க. எந்த ஜாக்கெட் வாங்குறது, சம்பளத்துல எவ்வளவு பிடிப்பாங்க, இவங்க பேசுற இங்கிலீஷ் எப்ப பிடிபடும்னு கேட்டுட்டு, கடைசியா ஒரு வரி: "ஃபயர் ட்ரெயினிங் வீடியோவை ஓட விட்டு டிக் போட்டுட்டேன், அது போதும்தானே அக்கா?"

குளிர் நமக்குப் புதுசில்ல, மழை தாங்குற ஜாக்கெட்டாப் பாருங்க. பே ஸ்லிப்பை மாசாமாசம் பத்திரப்படுத்துங்க. பேச்சு தானா காதுல ஏறும். ஆனா அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில், போதாது.

நானும் நம்ம இலங்கை மலையகம்தான், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் வந்தப்பவும் இதே கதைதான். ஏஜென்சிக்காரன் எங்க வீட்டு நகை வித்த காசை வாங்கி விமானம் ஏத்திவிட்டான். வந்த வாரமே யூனிஃபார்மைக் கொடுத்து நைட்ல நிறுத்திட்டாங்க. வெளிய போற வழி எதுன்னு ஒருத்தரும் கூட்டிப் போய்க் காட்டல. கூட வேலை செஞ்ச ஒரு வயசான ஸ்கொட்லாந்து அம்மாதான் என்னை அலாரம் பேனல் முன்னால நிறுத்தி, ரோஸ்பார்க் பத்திச் சொன்னாங்க. அவங்களுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன்.

ரோஸ்பார்க் உங்களுக்குக் கிட்டத்தான், உடிங்ஸ்டன்ல இருந்த கேர் ஹோம். 2004 ஜனவரி 31, விடியறதுக்கு முன்னால, நடையில இருந்த ஒரு அலமாரிக்குள்ள மின்சாரக் கோளாறுல நெருப்பு பிடிச்சுது. 14 முதியவங்க போய்ச் சேர்ந்தாங்க. அவங்களைக் கொன்னது புகை. படுக்கையறைக் கதவுகள் பல திறந்து கிடந்துச்சு. அலாரம் அடிச்சதும் தீயணைப்புப் படையைக் கூப்பிடாம, எங்க நெருப்புன்னு தேடிக்கிட்டு இருந்ததுல நேரம் போயிடுச்சு. கதவு சாத்தியிருந்தா சில உயிராவது தப்பியிருக்கலாம்னு விசாரணை முடிவுல எழுதி வச்சிருக்கு.

அதனால முதல்ல கதவு. உங்க ஹோம்ல கனமா, தானாச் சாத்திக்கிற கதவு இருக்கே, அது சாதாரணமா அரை மணி நேரம் நெருப்பைத் தாங்குற மாதிரி செஞ்சது. ட்ரொலி தள்ள வசதின்னு அதுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து வைக்கிறதைப் பார்ப்பீங்க. அதைச் செய்யிறதுல நம்ம ஆளுங்களும் இருக்காங்க, சொல்லவே வருத்தமா இருக்கு. திறந்து வைக்கணும்னா அலாரம் அடிச்சதும் தானா விடுற காந்தக் கொக்கி இருக்கு, அதைப் போடச் சொல்லிக் கேளுங்க. நாற்காலியைக் கண்டா எடுத்து ஓரமா வைங்க, யார் முறைச்சாலும் சரி.

அடுத்தது, எல்லாரையும் மாடிப்படியில இறக்கி வெளிய கொண்டுபோகணும்னு நினைச்சுப் பயப்படாதீங்க. தோட்டத்துல நாம இருந்த வரிசை வீடு, நம்ம லயத்தை நினைச்சுப் பாருங்க. பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கும், அதாவது அறைக்கும், ஒரே கூரை, நடுச்சுவர் பல இடத்துல கூரையைத் தொடாது. ஒரு அடுப்படியில பிடிச்சா தகரத்துக்கு அடியிலேயே ஓடிக் கடைசிக் காம்பரா வரைக்கும் போயிடும். கேர் ஹோம்ல அப்படிப் போகக் கூடாதுன்னுதான் தளத்தை நெருப்புச் சுவராலயும் கதவாலயும் துண்டு துண்டாப் பிரிச்சிருக்காங்க. நெருப்பு இருக்கிற துண்டுலேருந்து அதே தளத்துல அடுத்த துண்டுக்கு ஆளைக் கொண்டுபோய், பின்னால கதவைச் சாத்திட்டா உங்களுக்கு நேரம் கிடைச்சுது. அங்கயும் ஆபத்து வந்தா அதுக்கு அடுத்தது. நெருப்புக்குக் கிட்ட இருக்கிறவங்க முதல்ல. லிஃப்ட் வேண்டாம். ஆளைத் தூக்குற ஹொய்ஸ்ட் மெஷினை மாட்டிக்கிட்டு நிக்கவும் நேரம் இருக்காது.

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வெளியேற்றுற திட்டம் எழுதி ஃபைல்ல இருக்கணும். எடுத்துப் படிங்க. யாருக்குக் காது கேக்காது, யாருக்கு ஒக்சிஜன், மறதி வியாதில யார் திரும்பித் தன் அறைக்கே போகப் பார்ப்பாங்க, இதெல்லாம் மனசுல இருக்கணும். மெத்தைக்கு அடியில பட்டி வச்ச விரிப்பு கட்டியிருந்தா, அதை மாட்டி ஆளை மெத்தையோடயே தரையில இழுத்துப் போகலாம். ஆனா கையால ஒரு தடவை இழுத்துப் பார்க்காம அது வராது. காலியா இருக்கிற மெத்தையில பழக்கச் சொல்லிக் கேளுங்க. ஃபயர் ட்ரில்னு வைக்கிற ஒத்திகையைப் பகல்ல, ஆள் நிறைய இருக்கிறப்ப மட்டும் வைக்கிறாங்கன்னா, நைட் ஆள்கணக்குலயும் வைக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க. விசா போயிடும்னு வாயை மூடிக்கிட்டு இருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒன்லைன் டெஸ்ட் எழுதிக் கொடுத்து, அதை ஒத்துமைன்னு வேற சொல்றாங்க. படுக்கையில கிடக்கிற ஒரு அம்மாவுக்குச் செய்யிற துரோகம் அது.

ஹோமோட விலாசத்தையும் போஸ்ட்கோடையும் ஒரு அட்டையில எழுதி சட்டைப்பையில வைங்க. அவசர நம்பர் 999க்குக் கூப்பிடுறப்ப பதட்டத்துல நம்ம இங்கிலீஷ் ஓடிப்போயிடும். நான் சமைச்சுக்கிட்டே அந்த விலாசத்தைச் சத்தமாச் சொல்லிப் பழகினேன். இப்ப புதுசா வர்றவங்களுக்கு, ஸ்கொட்லாந்துக்காரங்களுக்கும் சேர்த்து, அந்தப் பேனலை நான்தான் விளக்குறேன்.

தோலுக்குப் பூசுற கிரீம் துணியில ஊறிக் காய்ஞ்சா, அந்தத் துணி சட்டுனு பத்திக்கும், துவைச்சாலும் முழுசாப் போகாது. சிகரெட் பிடிக்கிறவங்க உடுப்பைக் கவனிங்க. லோண்ட்ரி ட்ரையர்ல சேர்ற பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுங்க. எண்ணெய்க் கறை போகாத துவாயைச் சூட்டோட மடிச்சு அடுக்காதீங்க, ஆள் தொடாமலே பிடிக்கும்.

எங்க லயம் எரிஞ்ச இரவுல நான் சின்னப்பிள்ளை. மின்கசிவுன்னு சொன்னாங்க, லயம் எரிஞ்சா எப்பவும் அதுதான் பேச்சு. டவுனிலிருந்து வண்டி வர்ற மாதிரி பாதையா அது? தண்ணி பிடிக்கிற பீலியிலிருந்து வாளி வாளியா கைமாத்தினாங்க. எங்க அப்பாயிக்கு, அப்பாவோட அம்மாவுக்கு, நடக்க முடியாது. அப்பாவும் பக்கத்துக் காம்பரா மாமாவும் கம்பளியோட நாலு மூலையையும் பிடிச்சு, அவங்களை இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, வழியாத் தூக்கிட்டு வந்து தேயிலை மலை ஓரமா இருத்தினாங்க. அப்பாயி பிழைச்சாங்க. லயம் போச்சு. பள்ளிக்கூடத்துல படுத்துக் கிடந்தோம், கொஞ்ச நாள்னு சொன்னது மாசக்கணக்கா நீண்டுச்சு. பிறப்புச் சான்றிதழ் எரிஞ்சு போனதால அக்காவுக்கு அடையாள அட்டை எடுக்க அப்பா நடையா நடந்தார். இங்க தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்துல "எந்த ஊர்"னு கேட்டு, தோட்டம்னு சொன்னதும் முகம் மாறுறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, அவங்க முன்னால நீங்க தலை குனிய வேண்டாம்.

உங்க தளத்துல நடக்க முடியாதவங்க எத்தனை பேர், நைட்ல டியூட்டி எத்தனை பேருன்னு எழுதுங்க. மேனேஜருக்கு அனுப்புற கடிதத்தை நானே இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன்.