கல்லடி மணலில் ஒரு கோடு: குறைந்த செலவில் கோல்ஃப் பழகுவோருக்கு, கேள்வி பதில்

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 9 வருடம் புல் பராமரித்தேன். விடியற்காலை வேலை முடிந்ததும் பயிற்சித் திடலின் ஓரத்தில் நின்று அடித்துப் பழகியதுதான் என் ஆட்டம். இப்போது ஊரோடு, கல்லடியில் இருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஏறாவூர்): அண்ணன், முதலில் என்ன வாங்க வேண்டும்? முழு செட் வாங்கக் காசு இல்லை.

பதில்: முழு செட் வேண்டாம் தம்பி. விதிப்படி பையில் 14 கிளப் வரை, அதாவது பந்தடிக்கும் மட்டைகள், வைக்கலாம், ஆனால் 14 இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் பழைய ஏழாம் நம்பர் அயன் கிளப் ஒன்று, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் கிளப் ஒன்று. ஆறு மாதத்துக்கு இது போதும். பிடி தேய்ந்து வழுக்கினால் அதை மட்டும் மாற்றுங்கள்.

வெகுதூரம் அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவரை வாங்காதீர்கள். அதன் முகச் சாய்வு, அதாவது பந்தைத் தொடும் முகம் பின்னால் சாய்ந்திருப்பது, 10 டிகிரி அளவுதான். அடிக்கும்போது முகம் கொஞ்சம் திறந்திருந்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிவிடும். பழைய ஏழாம் நம்பரில் சாய்வு 34 டிகிரி அளவு, அது உங்கள் பிழையை ஓரளவு பொறுக்கும்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): மைதானமே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?

பதில்: இதற்குத்தான் ஆசையோடு காத்திருந்தேன். நம்மிடம் கடற்கரை இருக்கிறது. அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலுக்குப் போங்கள், கால் புதையும் மணலுக்கு அல்ல. கிளப்பின் நுனியால் ஒரு நேர்க்கோடு கீறுங்கள். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். பந்து வேண்டாம். வீசுங்கள், பிறகு குனிந்து மணலைப் பாருங்கள்.

வலக்கை ஆட்டக்காரருக்கு மணல் வெட்டு கோட்டில் தொடங்கி இடப்பக்கம், அதாவது இலக்குப் பக்கம், போக வேண்டும். கோட்டுக்கு முன்பே மணல் கிளம்பினால், பந்து இருந்திருந்தால் நிலத்தை முதலில் அடித்திருப்பீர்கள். பழகுகிறவர்களில் பெரும்பாலோர் பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பதால்தான் இது நடக்கிறது. பந்தை மேலே கொண்டுபோவது கிளப் முகத்தின் சாய்வு. நம் வேலை, இறங்கி வரும் கிளப்பால் முதலில் பந்தையும் பிறகு நிலத்தையும் தொடுவது. பத்து வீச்சு, புதுக் கோடு, மறுபடி பத்து. மணல் பொய் சொல்லாது, காசும் கேட்காது. வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

கேள்வி (வாழைச்சேனை): பழைய மீன்வலை கிடக்கிறது. கட்டிவிட்டு அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், பார்த்துச் செய்ய வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், வலைக் கண் அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பந்து உங்களிடமே திரும்பி வரும். மேலே மட்டும் கட்டி, இரண்டு மடிப்பாகத் தொங்க விடுங்கள். வெயிலில் கிடந்து நைந்த நைலான் என்றால் வேண்டவே வேண்டாம், ஒரே அடியில் கிழியும். பந்து 46 கிராம் கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வலைக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிற்கக் கூடாது.

கேள்வி (கல்முனை): பாசிக்குடாப் பக்கம் கோல்ஃப் மைதானம் இருக்கிறதா?

பதில்: இல்லை. கிழக்கில் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (காத்தான்குடி): நானா, நான் வீட்டு மதிலுக்குள்ளேதான் பழகலாம். எனக்கு ஏதாவது வழி?

பதில்: ஆட்டத்தின் பெரிய பங்கு மதிலுக்குள்ளேயே அடங்கும் தங்கச்சி. பார் 72 மைதானம் என்றால் எல்லாக் குழிகளையும் 72 தடவை அடித்து முடிப்பது கணக்கு, அதில் 36 தடவை பட்டருக்கு என்றுதான் வைத்திருக்கிறார்கள். சரிபாதி! குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். சீமெந்துத் தரையில் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைப் படுக்க வையுங்கள், அது குழியைவிடச் சின்னது. மூன்றடித் தூரத்தில் நின்று தொடர்ந்து பத்து விழும்வரை உருட்டுங்கள். மணல் முற்றம் என்றால் கோட்டுப் பயிற்சியும் அங்கேயே செய்யலாம்.

கேள்வி (பொத்துவில்): குழியைச் சுற்றிப் பந்து உருட்டும் புல்தரை, அந்தப் பட்டிங் கிரீனை வளவில் வளர்க்கலாமா? என்ன புல்?

பதில்: வெளியே தேட வேண்டாம். அறுகம்பே என்ற பெயரிலேயே இருக்கிறது. வெப்ப நாட்டு மைதானங்களில் பெர்முடா என்று சொல்வது நம் அறுகம்புல்தான். கிரீனுக்குப் போடுவது அந்த இனத்தின் மெல்லிய கலப்பு வகைகள். மணல் தரையில் தண்ணீர் தேங்காது, அதுவும் நல்லது. தடை வெட்டுவதில்தான். கிரீனை 3, 4 மில்லிமீட்டருக்கு வெட்டுவார்கள். வீட்டு இயந்திரம் அவ்வளவு தாழாது. கட்டையாக வெட்டி, கிட்டத் தூரத்துக்குச் சின்னதாக அடிக்கும் சிப் அடி பழகும் இடமாக வைத்திருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): மகன் வலக்கையால் எழுதுகிறான், கிரிக்கெட்டில் இடக்கைத் துடுப்பாட்டம். மலிவாகக் கிடைத்தது வலக்கை செட். வாங்கவா?

பதில்: வாங்குங்கள். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. சின்ன வயது, புதிதாகப் பழகிவிடுவான்.

கேள்வி (கிரிக்கெட் பயிற்றுநர், மட்டக்களப்பு): மன்னிக்க வேண்டும், இது பிழையான ஆலோசனை. இடப்பக்கம் சுழன்று பழகிய இடுப்பை வலப்பக்கம் திருப்பினால் இரண்டு ஆட்டமும் கெடும்.

பதில்: கெடும் என்பதை நான் ஏற்கவில்லை சேர். துபாயில் இடக்கைத் துடுப்பாட்டக்காரர்கள் வலக்கை கிளப்பில் நன்றாக ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அதே பயிற்றுநர்): அவர்கள் இடப்பக்கம் ஆடியிருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருக்க மாட்டார்களா? இடக்கைத் துடுப்பில் மேல் கை வலது கை. எழுதும் கை, பலமான கை. அந்தக் கை வழிநடத்துவதை ஏன் இழக்க வேண்டும்?

பதில்: இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. நேற்று இரவு முழுக்க யோசித்தேன். பெயர்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் பில் மிக்கெல்சன் வலக்கைக்காரர். சிறுவயதில் தகப்பனுக்கு எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் பழகியதால் இடப்பக்கம் ஆடினார். 1963இல் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் பட்டம் வென்ற பொப் சார்ள்ஸும் வலக்கைக்காரர், ஆடியது இடப்பக்கம். இரண்டு பேரும் உங்கள் பக்கம்தான் சாட்சி. மேல் கையைப் பற்றி நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

அக்கரைப்பற்று அண்ணன், செட் வாங்குவதை நிறுத்துங்கள். மகனிடம் ஒரு தும்புத்தடியைக் கொடுத்து இரண்டு பக்கமும் இருபது தடவை வீசச் சொல்லுங்கள். முடிவில் தடுமாறாமல் நிற்பது எந்தப் பக்கமோ அதுதான் அவன் பக்கம். இடது என்றால் இடக்கை ஏழாம் நம்பர் ஒன்றை மட்டும் தேடுங்கள். கிடைக்கத் தாமதமாகும், பொறுங்கள்.

கேள்வி (செங்கலடி): அப்படியென்றால் வலக்கைத் துடுப்பாட்டக்காரன் இடக்கை கிளப் வாங்க வேண்டுமா?

பதில்: இல்லை. நீங்கள் துடுப்பைப் பிடிக்கும் அதே ஒழுங்குதான், இடது மேலே, வலது கீழே. அப்படியே தொடருங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): நல்ல டிரைவர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஓட்டமாவடி): பக்கத்தில் மைதானம் எங்கே?

பதில்: மேலே சொன்னேன். சீனக்குடா.

கேள்வி (அம்பாறை): வீசினால் நடு முதுகு வலிக்கிறது.

பதில்: வீசுவதை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (வெல்லாவெளி): பெரும்போக அறுவடை முடிந்த வட்டையில் பந்து அடிக்கலாமா?

பதில்: போடியாரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். தாள் நிற்கும் நிலத்தில் பந்து தொலையும், அதனால் பத்துப் பந்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், எண்ணி எடுத்து வாருங்கள். மாடு மேயும் பக்கமும் ஆள் நடக்கும் வரம்புப் பக்கமும் திரும்பவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன், அது கல். வாவிக்குள் அடிப்பவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரில் இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர், முன்பு கேட்டவர்): அண்ணன், மூன்று நாள் கோடு கீறிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு ஒரு சாண் முன்பே மணல் வெட்டுகிறது. கையைத் திருத்தவா?

பதில்: கையைத் தொடாதீர்கள். உடம்பின் பாரம் வலக்காலிலேயே நின்றுவிடுகிறது. வீசத் தொடங்கும் முன்பே பாரத்தில் பாதிக்கு மேல் இடக்காலில் வைத்து, வலக்குதியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அரை வீச்சு மட்டும் வீசுங்கள். வெட்டு கோட்டை நோக்கி நகரும். ஒரு சாண் நாலு விரலானாலே பெரிய முன்னேற்றம். நாளைக் காலை மணலை மேலேயிருந்து படம் எடுத்து அனுப்புங்கள், கோடும் படத்தில் தெரியட்டும்.