ஷிரிமசென்னா, வகரிமசென்னா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய மொழி படிக்கிறேன். 'ஷிரு' என்றால் தெரிதல், 'வகரு' என்றால் புரிதல் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆங்கில அகராதியோ இரண்டுக்கும் 'know' என்ற சொல்லைத் தருகிறது. வகுப்பில் "நாளை வருவீர்களா?" என்ற கேள்விக்கு, 'தெரியவில்லை' என்ற பொருளில் "ஷிரிமசென்" என்றேன். அது மரியாதைக்குறைவு என்று திருத்தினார்கள். ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஷிருவுக்கு இணை 'தெரி' அல்ல, 'அறி'. வெளியிலிருந்து ஒரு செய்தி நம்மிடம் வந்து சேர்வதுதான் ஷிரு. "நிஹொங்கொ க வகரிமஸ்" என்பதோ 'எனக்கு ஜப்பானியம் தெரியும்'. இரு மொழியிலும் தெரிகிற பொருளே எழுவாய். நாம் 'ஐ' உருபு போடாத அந்த இடத்தில் அவர்களும் அதற்கு இணையான 'ஒ' போடுவதில்லை. ஷிருவுக்கு மட்டும் 'ஒ' வரும்.

வகருவை எழுதும் காஞ்ஜிக்கு (சீனத்திலிருந்து வந்த எழுத்துக்கு) பொருள் 'பிரி'. அதன் உறவுச் சொல்லான 'வகெரு'வுக்குப் பிரித்தல் என்றே பொருள். நம் 'தெரி'க்கும் பழைய பொருள் ஆராய்ந்து பொறுக்குவது. 'தெரிவு' அதிலிருந்து வந்ததுதான். (வகெருவை நினைவில் வைக்க நம் 'வகு' உதவும். அதை மொழியுறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.)

இனி உங்கள் பதில். நாளை நீங்கள் வருவது உங்கள் மனத்துக்குள் முடிவாக வேண்டிய விஷயம். அதற்கு "ஷிரிமசென்" என்றால், 'அந்தச் சேதி என்னிடம் வரவில்லை, எனக்கென்ன?' என்ற தொனி வந்துவிடும். "மாத வகரிமசென்" என்றால் 'இன்னும் தெரியவில்லை'; யோசிக்கிறீர்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் திட்டம், விருப்பம், உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் வகரிமசென்தான்.

"தனகசான் ஒ ஷித்தெ இமஸ் க?" (தனகாவை அறிவீர்களா?) என்பது வேறு. அவர் பெயரே காதில் விழாதவர் "ஷிரிமசென்" என்பதில் குற்றமில்லை.

அடுத்து பலரும் தடுமாறும் இடம். 'அறிவேன்' என்று சொல்ல "ஷிரிமஸ்" உதவாது. அறிந்த நிலையைச் சொல்ல "ஷித்தெ இமஸ்" வேண்டும். எதிர்மறையிலோ இந்த 'இமஸ்' மறைந்து வெறும் "ஷிரிமசென்" ஆகிவிடும். இதற்கு விதி தேடாமல் ஜோடியாகவே பழகிவிடுங்கள்.

மேலாளர் வேலை சொன்னால் "வகரிமஷ்தா". 'சரி, செய்கிறேன்' என்ற உறுதி அதில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் அதையே "கஷிகொமரிமஷ்தா" என்பார்கள்.