கேள்வி – பதில்: பழைய ஒப்பந்தமும் மாறிய சட்டமும்

கேள்வி: சிராங்கூன் சாலையில் என் தந்தையார் தொடங்கிய சைவ உணவகத்தை நடத்தி வருகிறேன். பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் தலைமைச் சமையற்காரர் சிங்கப்பூர்க் குடிமகன். 1963 ஆகஸ்டில் பிறந்தவர். பதினைந்து ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறார். அவருடைய ஒப்பந்தத்தில் ஓய்வு வயது 62 என்று எழுதியிருக்கிறது. அது செல்லுமா? அடிக்கடி மாறும் சட்டங்களை என் போன்ற சிறு முதலாளி எப்படிப் பின்தொடர்வது?

பதில்: செல்லாது. ஓய்வு வயது 2022 ஜூலை 1இல் 63 ஆனது. 2026 ஜூலை 1 முதல் அது 64. 1963 ஜூலை 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு இந்தப் புதிய வயதே பொருந்துவதால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 2027 ஆகஸ்டுக்கு முன் வயதைக் காரணம் காட்டி அவரை நீங்கள் அனுப்ப முடியாது. அதன் பிறகும், அவர் வேலை திருப்தியாகவும் உடல்நலம் தகுந்ததாகவும் இருந்தால், குறைந்தது ஓராண்டு ஒப்பந்தத்தில் மறுவேலை தர முன்வர வேண்டும். 69 வயதுவரை அதைப் புதுப்பிக்கலாம். ஆறு மாதங்களுக்கு முன்பே, அதாவது 2027 பிப்ரவரியிலேயே, அவருடன் உட்கார்ந்து பேசுமாறு அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. பதினைந்து ஆண்டுகள் உங்கள் அடுப்படியில் நின்றவர் தம் வருங்காலத்தைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொள்வது நியாயமன்று என்பதால், அந்தக் காலத்தைக் குறைக்காதீர்கள் என்றே சொல்வேன்.

புதிய சட்டம் தெரியாமல் போவதைவிட, பழைய படிவத்தையே நகலெடுத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கந்தான் சிறு கடைகளை அதிகம் சிக்கலில் மாட்டிவிடுகிறது. வேலை நியமனச் சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி எதுவும் செல்லாது. ஊழியர் அதற்கு மனமொப்பிக் கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது. 2019 ஏப்ரல் 1 முதல் நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் இருந்த சம்பள வரம்பு நீங்கியதால், உங்கள் கடை மேலாளரும் இச்சட்டத்துக்குள் வருகிறார். முக்கிய வேலை விதிமுறைகளை வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் எழுத்தில் தருவதும், விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பதும் 2016 முதல் கட்டாயம்.

மாற்றங்களைப் பின்தொடர்வது நீங்கள் நினைப்பதுபோல் அவ்வளவு கடினமன்று, ஏனெனில் அவை பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களின் முதல் நாளில்தான் நடப்புக்கு வருகின்றன. மத்திய சேமநிதிச் சந்தா கணக்கிடப்படும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2026 ஜனவரியில் 8,000 வெள்ளியானது. 55 முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்கான சந்தா விகிதமும் அன்றே உயர்ந்தது, ஆகவே உங்கள் சமையற்காரரின் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள். தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரலில் நான்கு வாரமாகக் கட்டாயமானது. அந்த மூன்று தேதிகளுக்கும் ஒரு மாதம் முன்னதாக மனிதவள அமைச்சு, மத்திய சேமநிதிக் கழகம் ஆகியவற்றின் இணையத்தளங்களைப் பார்த்து, மாறியதை அந்த மாதச் சம்பளம் போடும்போதே திருத்திவிடுங்கள்.

வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஊழியர் கேட்டால், அந்தக் கோரிக்கைக்கு இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது 2024 டிசம்பரில் வந்த வழிகாட்டி நெறிமுறை. சட்டமன்று என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்த வாரமே சமையற்காரரின் ஒப்பந்தத்திலுள்ள 62ஐ எடுத்துவிட்டு, சட்டப்படியான வயதை எழுதி, புதிய படி ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.