11 படம், 11 ஃபார்மட்: திரையிடலுக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றம் அடுத்த மாதம் 11 குறும்படங்களைத் திரையிடுகிறது. வந்தவற்றில் சில எம்பி4, சில எம்ஓவி. ஒன்று பழைய டேப் கேமராவில் எடுத்தது. இரண்டு செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. எல்லாவற்றையும் ஒரே நீள வீடியோவாக ஒட்டி, லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டரில் ஓட்டிவிடலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம். நொடிக்கு 24, 25, 30 ஃபிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) என்று எடுத்தவற்றை ஒன்றாக ஒட்டினால் எல்லாம் ஒரே ஃபிரேம் ரேட்டுக்குள் திணிக்கப்படும். 25-ஐ 30 ஆக்கினால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் படம் திக்கித் திக்கி நகரும். புரொஜெக்டர் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து, ஓடுவதாலேயே இந்தத் திக்கல் கொஞ்சம் இருக்கும்; அதை ஃபைலுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்து வைப்பானேன்? அப்புறம், சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், நாலாவது படத்தை ஆறாவதாகப் போடச் சொல்வார்கள். அதெல்லாம் நடக்காத திரையிடலை நான் பார்த்ததில்லை.

ஆகவே தனித்தனி ஃபைலாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாம் ஒரே அச்சில் இருக்கட்டும்: படம் 1920×1080 பிக்சல், வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, ஃபைல் வகை எம்பி4. பிட்ரேட் (ஒரு நொடிக்கான டேட்டா அளவு) 20 எம்பிபிஎஸ் போதும். 10 நிமிடப் படம் சுமார் ஒன்றரை ஜிபி வரும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளே இதற்குப் போதுமானது. ஃபிரேம் ரேட்டை மட்டும் மூலத்தில் உள்ளபடி விட்டுவிட்டு, அது சீராக இருக்கும்படி 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். செல்போன் வீடியோக்களில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும். அதை எடிட் செய்யும்போது உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு ஃபைலையும், அதன் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது என்றால் ஏற்கெனவே சுருக்கித் தரம் போயிருக்கும், மாற்றிப் பயனில்லை. இயக்குநரிடம் டிரைவ் லிங்க் கேளுங்கள். டேப் கேமரா படம் 720×576 என்று காட்டும். அதன் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அப்படியே போட்டால் முகங்கள் ஒல்லியாகிவிடும். முதலில் டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த வரிகளை முழு ஃபிரேமாக்குவது) செய்து, 1440×1080-க்குக் கொண்டுவந்து இரு பக்கமும் கறுப்பு விடுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யாவிட்டால், கையசைக்கும்போது விரல் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். நிமிர்ந்த செல்போன் படத்துக்கும் பக்கங்களில் கறுப்புதான். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பும் பழக்கம் டிவி செய்திகளோடு போகட்டும். இருட்டு அரங்கில் அது கண்ணை உறுத்தும். புது ஐபோனில் எச்டிஆர் ஆக (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை) எடுத்தது புரொஜெக்டரில் சாயம் போன சேலை மாதிரி வெளிறித் தெரியலாம். எடுத்தவரிடமே எஸ்டிஆர், ரெக் 709 பிரதி (வழக்கமான எச்டி நிற அளவில் உள்ளது) கேட்டு வாங்குவது நல்லது.

சரி, காட்சிப் பக்கம் முடிந்தது. உண்மையான தலைவலி ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் புரியாவிட்டால் செல்போனை எடுத்துவிடுவார்கள். முன்பு ஒரு ஒத்திகையில் நாய் குரைத்தது, மழை பெய்தது, காலடிச் சத்தமும் கேட்டது. கதாநாயகி வாயசைத்தாள், குரல் மட்டும் இல்லை. அந்த ஃபைலில் ஒலி 5.1 ஆக, அதாவது ஆறு தனிச் சேனலாக, இருந்தது. 5.1-இல் வசனம் நடுச் சேனலில் உட்காரும். அரங்கில் இடமும் வலமும் மட்டும்தான் ஸ்பீக்கர். எனவே 5.1 ஆக வந்ததை முன்கூட்டியே ஸ்டீரியோவாக்கி, ஹெட்ஃபோன் மாட்டி முதல் இரண்டு நிமிட வசனத்தைக் கேளுங்கள்.

அடுத்தது சத்த அளவு. ஒரு படம் கிசுகிசுக்கும், அடுத்தது கோயில் திருவிழா மைக் செட் போல அலறும், மிக்சர் பக்கம் இருப்பவர் பாய்ந்து பாய்ந்து குறைப்பார். எல்லாவற்றையும் ஒரே சராசரிக்குக் கொண்டுவாருங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பில் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) என்ற அளவு வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே வைக்கலாம். எண் எதுவானாலும் பதினொன்றுக்கும் அதே எண் என்பதுதான் முக்கியம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒலித் துண்டின் மேல் வலது கிளிக் செய்தால் 'நார்மலைஸ்' இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் (கட்டளை தட்டி இயக்கும் வீடியோ மென்பொருள்) தெரிந்தவர் 'லவுட்நார்ம்' வடிகட்டியை இரண்டு சுற்றாக ஓட்டட்டும். ஒரே சுற்றில் ஓட்டினால் அமைதியான இடங்களில் ஃபேன் இரைச்சல் மேலே ஏறி வரும்.

சப்டைட்டிலைத் தனி எஸ்ஆர்டி ஃபைலாக விடாமல் படத்திலேயே பதித்துவிடுங்கள். தமிழ் சப்டைட்டில் என்றால் பதித்த பின் 'கொ', 'கை' வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். சில மென்பொருளில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். தரை சரிவில்லாத அரங்கில் கடைசி வரி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும், கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள்.

தியேட்டரில் போடுவதாக இருந்தால் டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் ஃபைல் தொகுப்பு) கேட்பார்கள், அது வேறு வேலை. உங்கள் அரங்குக்குத் தேவையில்லை.

ஃபைல்களுக்கு 01, 02 என்று வரிசை எண் வைத்து, லேப்டாப்பிலேயே நகலெடுத்து விஎல்சியில் ஓட்டுங்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டாம். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்கவே ஏற்காது. முந்தின நாள் அதே அரங்கில், அதே எச்டிஎம்ஐ ஒயரில், ஒவ்வொரு படத்திலும் தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு நிமிடம் வீதம் ஓட்டிப் பாருங்கள். ஸ்லீப், வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் இரண்டையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். இன்னொரு லேப்டாப்பிலும் அதே பதினொன்று இருக்கட்டும்.