நன்றாகப் பேசுகிற பிள்ளையை எதில் சேர்ப்பது?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பேச்சுப்போட்டி என்றால் பரிசோடுதான் வருகிறாள், கணக்கில்தான் மார்க் குறைவு, பேசாமல் நர்சிங்கில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நர்சிங் நல்ல படிப்பு. அவளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். வேறு வழியில்லை என்ற பயத்தில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

பேச்சுத் திறமையோடு ஒரு துறை அறிவும் சேர வேண்டும். நம் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மேடையேறினால் கூட்டம் கட்டுண்டு கிடந்ததற்கு, கம்பனிலும் பாரதியிலும் அவர் ஊறியிருந்ததும் ஒரு காரணம். எதைப் பற்றிப் பேசும்போது உங்கள் மகள் நேரம் போவதை மறக்கிறாள் என்று பாருங்கள். நியாயம் கேட்டு வாதாடுகிறவள் என்றால் சட்டம் படிக்கலாம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு, திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. பக்கவாதம் வந்த தாத்தா சொல்ல வருவது அவளுக்குத்தான் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை பெரிய சொத்து. பேச்சு, செவித்திறன் சிகிச்சைக்கென்றே பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்காண்டுப் படிப்பு இருக்கிறது. அதில் ஓராண்டு இன்டர்ன்ஷிப். பேச்சு தாமதமாகும் குழந்தைகள், திக்குவாய் உள்ளவர்கள், பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கிற வேலை. உயிரியல் குரூப் என்பதால் அவள் விண்ணப்பிக்கலாம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் மைசூருவில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. வீட்டில் மலையாளமும் புழங்குவதால் திருவனந்தபுரத்தில் நோயாளிகளோடு பேச அவள் தடுமாற மாட்டாள். வெளிமாநில மாணவர்களுக்கு இடம் எப்படி என்று முன்பே விசாரித்துவிடுங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்தப் படிப்பை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், இங்கிலீஷில் பேசச் சொன்னால் ஒடுங்கிப்போகிறாள் என்கிறீர்கள். தினமும் ஒரு செய்தியைப் படித்து, அதை ஐந்து நிமிடம் இங்கிலீஷில் சொல்லிப் போனில் பதிவு செய்யட்டும். மறுநாள் அவளே கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும். வீட்டில் யாரும் நடுவில் குறுக்கிட வேண்டாம். நம் குமரி மாவட்டப் பேச்சுச் சாயலுக்காகவும் அவளைக் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலிதான் பல பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறது.

தாத்தாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு, பேச்சுப் பயிற்சி நடக்கும் இடத்தில் அவளை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்திருந்தால் விண்ணப்பம் போடலாம்.